ஒரு குழிக்கு இரண்டு கன்றுகள்

எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலுக்கு முன்னால் நின்ற ஊசியிலை மரத்தை ஓர் இலையுதிர்காலப் புயல் சாய்த்துவிட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. மரம் விழுந்ததில் யாருக்கும் காயமில்லை. வேலியில் சில பலகைகள் உடைந்தன, அவ்வளவுதான். நகரசபையின் ஆட்கள் போல ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இருவர் வந்து மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, வேரையும் கிளறி எடுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது வட்டமான ஒரு கறுப்புக் குழி. அதற்குள் எதை வைப்பது என்பதில் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நாங்கள் வாங்கிய முதல் வீடு அது. அதற்கு முன்னர் மூன்றாம் மாடியில் இருந்தோம். தோட்டத்தோடு வீடு வாங்கியிருப்பதாக அப்பா தொலைபேசியில் உலகம் முழுவதுக்கும் சொல்லியிருந்தார். ஆனால் முந்தைய வீட்டுக்காரர் புல் வெட்டச் சோம்பல்பட்டவர் போலும். முன்னும் பின்னும் சீமெந்துக் கல் பதித்து வைத்திருந்தார். ஆக, எங்கள் தோட்டத்தில் மண் என்று இருந்தது அந்தக் குழி ஒன்றுதான்.

அப்பாவுக்கு ரொடொடென்ட்ரோன் என்ற பூச்செடி வேண்டும். திரைச்சீலைத் துணி நெய்யும் தொழிற்சாலைக்கு அவர் சைக்கிளில் போகும் வழியில் டெனிஷ்காரர்களின் வீட்டு வாசல்களில் எல்லாம் அது நிற்கும். வைகாசி மாதத்தில் ஊதாவும் வெள்ளையுமாகக் குடம் குடமாகப் பூக்கும். ஆனால் அப்பா மயங்கியது பூவில் அல்ல. "இருட்டோட வேலைக்குப் போய் இருட்டோட வாறன். நவம்பரில எல்லா மரமும் மொட்டையா நிக்கேக்கை உது மட்டும் பச்சையா நிக்குது. அதைப் பாத்தால் மனுசனுக்கு ஒரு தெம்பு" என்பார்.

அம்மாவுக்கு அப்பிள் மரம் வேண்டும். அவர் ஒரு பாலர் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்தார். இலையுதிர்காலம் வந்தால் பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் வீட்டு அப்பிள்களைப் பை பையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். தானும் ஒரு நாள் அப்படி ஒரு பையோடு வேலைக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

நான் அம்மாவின் கட்சி. கட்சி மாறாமல் இருப்பதற்காக அம்மா எனக்கு அப்பிள் கேக் செய்து தருவதாகவும், மரம் வளர்ந்ததும் ஏற விடுவதாகவும் வாக்குத் தந்திருந்தார். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஏறக்கூடிய மரம் இருந்தது. எங்கள் வீட்டில் ஏறுவதற்குச் சைக்கிள் கொட்டிலின் கூரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை ஒரு வேலை தந்தார். ஏதாவது இரண்டு பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்லது என்ன, கெட்டது என்ன என்று ஒப்பிட்டு வகுப்பின் முன் பேச வேண்டும். மற்றவர்கள் நாயையும் பூனையையும், உதைபந்தாட்டத்தையும் கைப்பந்தாட்டத்தையும் எடுத்தார்கள். நான் பழமரத்தையும் பூச்செடியையும் எடுத்தேன். அப்பா சந்தோஷப்பட்டார். உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சனிக்கிழமையே என்னைக் காரில் ஏற்றி நகருக்கு வெளியே இருந்த கன்றுப் பண்ணைக்கு அழைத்துப் போனார்.

டெனிஷில் கன்றுப் பண்ணையை 'பிளான்டஸ்கோல' என்பார்கள். செடிகளின் பள்ளிக்கூடம். கண்ணாடிக் கூரையின் கீழ் வரிசை வரிசையாகச் சட்டிகளில் செடிகள் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை. எங்கள் வகுப்பைப் போலத்தான் இருந்தது. பச்சை நிற றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் என் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்பிளுக்கு வெயில் வேண்டும், வருடா வருடம் வெட்டிவிட வேண்டும், பழம் விழுந்தால் குளவி வரும், காய்க்கச் சில வருடம் காத்திருக்க வேண்டும். ரொடொடென்ட்ரோனுக்கு எங்கள் ஊர் மணல் மண் நன்றாகப் பிடிக்கும், நிழலிலும் நிற்கும், அடுத்த மாதமே வைத்தாலும் இந்த வருடமே பூக்கும், ஆனால் இலையைக் கடித்தால் வயிறு கலங்கும். எது நல்லது என்று கேட்டேன். இரண்டுமே நல்லது என்றார். அவருக்கு இரண்டையும் விற்க வேண்டியிருந்தது.

வகுப்பில் என் பேச்சு நன்றாகவே நடந்தது. முடிவில் வாக்கெடுப்பு வைத்தேன். அப்பிளுக்கு ஏகப்பட்ட கைகள். இந்த வெற்றியை வீட்டில் சொன்னபோது அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவையளும் வருவினம். அவையளுக்கு முன்னாலையும் பேசிக் காட்டு. உன்ரை அப்பாவுக்கு அப்பதான் விளங்கும்" என்றார்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. கடலோர நகரான எஸ்பியர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில், மீன் பதனிடும் இடத்தில் வேலை. என் கையுறை, பனிச்சறுக்குப் பலகை, முதல் சைக்கிள் எல்லாம் அவர்கள் வாங்கித் தந்தவை. அவர்கள் வீட்டில் வேறு பிள்ளை இல்லாதபடியால் அவை எல்லாமே எனக்கு வந்து சேரும். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வேலை நாட்களிலும் அடிக்கடி வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சின்னம்மா போய்வர வேண்டியிருந்தது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் அவருடைய ஊசி மருந்துகள் இருந்தன. அவற்றைத் தொடக்கூடாது என்பது மட்டும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் வரவேற்பறைக் கம்பளத்தின் நடுவே ஏறி நின்றேன். அம்மா தட்டில் அப்பிள் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். அதுவும் பிரசாரத்தின் ஒரு பகுதிதான். நான் டெனிஷில் பேசத் தொடங்கி, நடுநடுவே தமிழுக்கு மாறினேன். சித்தப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். சின்னம்மா அன்று மிகவும் களைத்திருந்தார். சோபாவின் மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு, ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்.

ரொடொடென்ட்ரோனின் நல்ல பக்கங்களை நான் சொல்லிக்கொண்டு போக, அப்பா, "பாத்தீரோ? பிள்ளையே சொல்லுது" என்று அம்மாவைச் சீண்டினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கையில் கத்தியை வைத்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"என்னப்பா கதைக்கிறியள்? வருசம் முழுக்கத் தண்ணி ஊத்தி, பசளை போட்டு, குளிருக்குப் பாத்துப் பாத்து வளத்தாலும் கடைசியில ஒரு காய் உண்டோ, ஒரு பழம் உண்டோ? காய்க்காததை வாசலில வைச்சு என்ன பிரயோசனம்?"

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சித்தப்பா தன் தட்டைப் பார்த்தார். அம்மாவின் கை கேக்கின் மேல் அசையாமல் இருந்தது. சின்னம்மாதான் முதலில் எழும்பினார். "அக்கா, இந்தத் தட்டுகளை நான் எடுக்கிறன்" என்று சொல்லி, சாப்பிட்டு முடிக்காதவர்களின் தட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கடைசிப் பதிலைச் சொல்லியிருந்தார்கள். இனி ஊசி இல்லை, இனி வர வேண்டியதில்லை, உங்களுக்குப் பிள்ளை தங்க வாய்ப்பில்லை என்று. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து பல்கலைக்கழகம் போன பிறகு. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பேச்சின் முக்கியமான கட்டத்தில் எல்லோரும் ஏனோ கவனிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் விடவில்லை. சின்னம்மா திரும்பி வரும்வரை காத்திருந்து வாக்கெடுப்பை நடத்தினேன். அம்மா கை தூக்கவேயில்லை. அப்பா, "எனக்கு இப்ப எதெண்டாலும் சரி" என்றார். சின்னம்மா அப்பிளுக்குக் கை தூக்கினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கையை நன்றாக உயர்த்தி, "அப்பிள்தான், குஞ்சு. நீ ஏறி விளையாடலாம்" என்றார்.

கடைசியாகச் சித்தப்பா. அப்பிள் கேக்கில் இரண்டாம் துண்டும் வாங்கிச் சாப்பிட்டவர் அவர். "எனக்கு அந்தப் பூச்செடிதான் பிடிக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல், சின்னம்மாவைப் பார்த்து. "காய்ச்சால் என்ன, காய்க்காட்டி என்ன. அது நிண்டாலே வீட்டுக்கு வடிவு."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கேக்கைத் தின்றுவிட்டு இப்படிச் செய்யலாமா?

அவர்கள் போனபின் அம்மா நெடுநேரம் பாத்திரம் கழுவினார். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார் என்று நினைக்கிறேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, "என்ரை வாயாலை வந்திட்டுதே" என்று சொன்னது கேட்டது. அப்பா, "அவ உம்மடை தங்கச்சி. உம்மைத் தெரியாதே அவவுக்கு?" என்றார். அம்மா, "தெரியுந்தான். அதுதான் இன்னும் நோகுது" என்றார். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வாக்கெடுப்பில் அப்பாவும் இறங்கி வந்துவிட்டதால் அப்பிள் வென்றுவிட்டது என்ற கணக்கில் இருந்தேன்.

பங்குனி முழுவதும் நிலம் உறைந்து கிடந்தது. மண் இளகிய பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அதே கன்றுப் பண்ணைக்குப் போனார். நான் நேரே பழமரங்கள் நின்ற பக்கம் ஓடினேன். அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இருந்தவற்றில் மிகப் பெரிய ரொடொடென்ட்ரோன் சட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார். மொட்டுகள் பெருத்து ஒட்டும் பசையோடு இருந்தன.

"அது பிழையானது அம்மா" என்றேன் டெனிஷில்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"கை தூக்கினதிலை நாங்கள்தானே வெண்டனாங்கள்!"

அம்மா அந்தச் செடியின் இலை ஒன்றில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை நான் அம்மாவோடு கதைக்கவில்லை. அப்பாவாவது தன் செடி வந்த சந்தோஷத்தில் துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் செடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "நல்லது. சனிக்கிழமை வைப்பம்" என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர்கள் குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள், கடைசியில் வென்றவர் தோற்றவரின் செடியை வாங்கி வருவார், தோற்றவர் துக்கம் விசாரிக்க வந்தவர் போல நிற்பார். நான் அவர்கள் இருவரையும் கைவிட்டுவிட்டு என் அறைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை அப்பா மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கியிருந்தார். அப்போது சித்தப்பாவின் கார் மிக மெதுவாகத் தெருவுக்குள் திரும்பியது. பின் யன்னல் வழியாக ஒரு மரத்தின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எஸ்பியர்க்கில் இருந்து யன்னலைத் திறந்தபடியே வந்ததால் இருவரும் தொப்பியும் கழுத்துத் துண்டுமாக, மூக்குச் சிவந்து இறங்கினார்கள். சின்னம்மாவுக்குக் குளிரில் பல்லுக் கிட்டியது. அப்படியிருந்தும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"குஞ்சு, ஓடி வா! உன்ரை அப்பிள் வந்திட்டுது!"

படுக்கை விரிப்பை அவரே அவிழ்த்தார். என்னைவிட உயரமான, மெல்லிய, ஒரு கன்று. பழம் செப்ரெம்பரில் வரும், நல்ல வாசம், கேக்குக்கு உகந்தது என்று மூச்சு விடாமல் சொன்னார். பிறகுதான் குழியின் கரையில் நின்ற ரொடொடென்ட்ரோனைக் கண்டார்.

அம்மா வாசலில் நின்றார். கையில் தேத்தண்ணித் தட்டு. இரண்டு சகோதரிகளும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அம்மா தட்டைக் கீழே சீமெந்துக் கல்லிலேயே வைத்தார்.

"ஏன் பிள்ளை நீ இந்த அப்பிளை வாங்கினனி?"

"நீங்கள் ஆசைப்பட்டனீங்கள் அக்கா." சின்னம்மா செடியைக் காட்டினார். "நீங்கள் ஏன் இதை வாங்கினனீங்கள்?"

அம்மா அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், முந்தானை இல்லாத காற்சட்டைக்காரியாகையால் கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். சின்னம்மா போய் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். சித்தப்பா கயிற்றைச் சுருட்டினார். அப்பா குழிக்குள்ளேயே நின்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா அழுவது எனக்குத் தெளிவாக விளங்கியது. குழி ஒன்று, கன்று இரண்டு. இடம் போதாது. அழாமல் என்ன செய்வார்? இப்படியான நேரத்தில் யாராவது ஒருவர் தலையைப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"இது லேசான வேலை" என்றேன். "அப்பிளை இங்கை வைப்பம். காய்க்காததைச் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டு போகட்டும். அங்கை இடம் இருக்குத்தானே."

அப்பாவின் மண்வெட்டி நின்றது. அம்மா, "வாயை மூடு!" என்றார், அவர் என்னிடம் அதுவரை பயன்படுத்தாத ஒரு குரலில். நான் திடுக்கிட்டுப் போனேன். சரியான விடையைச் சொன்னதற்கு யாராவது திட்டுவார்களா?

ஆனால் சின்னம்மா அம்மாவின் தோளில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். முதலில் மெல்லமாக, அதன்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். சித்தப்பா பயந்துபோய்க் கயிற்றைக் கீழே போட்டார்.

"அவளை ஏசாதேங்கோ அக்கா. பிள்ளை சரியாத்தானே சொல்லுது" என்றார் சின்னம்மா. குனிந்து ரொடொடென்ட்ரோன் சட்டியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினார். பாரமான சட்டி. சித்தப்பா கை கொடுக்கப் போனபோது, "விடுங்கோ, நான் கொண்டு வாறன்" என்றார். பின்னிருக்கையில் அதை வைத்து, இருக்கைப் பட்டியையும் இழுத்து மாட்டினார்.

அன்று மாலை சட்டியின் பக்கத்தில் சின்னம்மாவும் பின்னிருக்கையிலேயே அமர்ந்து போனார். முன்னிருக்கை வெறுமையாக இருக்க, சித்தப்பா ஒரு டாக்சிக்காரரைப் போலத் தனியே ஓட்டிக்கொண்டு போனது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

எஸ்பியர்க்கில் கடல் காற்று ஓயாது. அந்தச் செடிக்கு அது ஆகாது. சித்தப்பா வேலை முடிந்து வந்து பலகை அடித்து அதற்கென்று ஒரு மறைப்புக் கட்டினார். பை பையாக நல்ல மண் வாங்கி வந்து கொட்டினார்கள். ஆனி தொடக்கத்தில் சின்னம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, பூத்திட்டுது! வந்து பாருங்கோவன்!" என்ற சத்தம் அறைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. எங்கள் அப்பிள் கன்றில் அப்போது இலைகள் மட்டுந்தான். அம்மா அன்று இரண்டு தடவை வெளியே போய் அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தார்.

கோடை விடுமுறை தொடங்கிய அன்று அம்மா என் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினார். பல் துலக்கும் தூரிகையில் இருந்து நான் கட்டிப்பிடித்துப் படுக்கும் முயல் வரைக்கும் எல்லாம் வைத்தார்.

"சின்னம்மா வேலைக்குப் போய்வாறவ. தனிய அந்தச் செடியைப் பாக்கேலாதாம். நீ போய் விடுமுறை முடியும்வரை நிண்டு தண்ணி ஊத்து" என்றார்.

"முழு விடுமுறையுமோ?"

"ஓம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே போனால் ஐஸ்கிரீம் உண்டு, கடற்கரை உண்டு, நேரத்தோடு படுக்கச் சொல்ல ஆள் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் சொன்ன நல்ல யோசனைக்குப் பரிசு கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னை ஏற்றிப் போக வந்த சித்தப்பாவின் கார் புறப்பட்டபோது அம்மா தெருவின் நடுவே இறங்கி வந்து கை அசைத்துக்கொண்டு நின்றதாக அப்பா பிறகு ஒரு முறை சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் முன்னிருக்கையில் ஏறலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் மேற்குக் கரை முழுவதும் மழை. விடிந்தால் மழை, மத்தியானம் வானம் வெளித்தால் பின்னேரம் திரும்பவும் மழை. கடற்கரைக்கு நாங்கள் போன நாட்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு நாளும் சின்னம்மா வேலை முடிந்து வந்ததும் சீருடையைக் கூட மாற்றாமல், "வா குஞ்சு, எங்கடை வேலையைப் பாப்பம்" என்பார். நான் மஞ்சள் மழைச்சட்டையும் றப்பர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, சின்ன வாளியைச் சமையலறைக் குழாயில் நிரப்பிக்கொண்டு பின்பக்கம் போவேன். செடியைச் சுற்றி மண் ஏற்கெனவே சேறாக இருக்கும். நான் கவனமாக, வேருக்குப் பக்கத்தில், சிந்தாமல் ஊற்றுவேன். சின்னம்மா என் தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு, பக்கத்தில் நிற்பார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. அவசரமில்லை" என்பார்.

நான் இன்னொரு வாளி கொண்டுவர ஓடுவேன். மழை பெய்யும்போது எதற்குத் தண்ணீர் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.